வட்டத்துக்குள் மரியாதை கிடையாது

டீச்சரின் கால் சும்மா இருக்காது. பேருந்தில் போகும்போது முன்னால் ஒரு வேன் வேகத்தைக் குறைத்தால், இவர் கால் பேருந்தின் தரையை ஓங்கி மிதிக்கும். லிஃப்ட் கீழே இறங்கும்போது மிதிக்கும். வீட்டில் சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போது, படத்தில் யாராவது படிக்கட்டில் வேகமாக இறங்கினால் அதற்கும் மிதிக்கும். "ஒருநாள் தரையில ஓட்டை விழுந்து, கீழ்வீட்டுக்காரர் தலைய நீட்டி என்ன வேணும்னு கேக்கப் போறார்" என்பார் அவருடைய வீட்டுக்காரர்.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய பயிற்சிக் காரில், கற்றுக்கொள்பவரின் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பதினெட்டு வயதானாலும் அறுபது வயதானாலும் கற்க வருகிறவர்கள் அவருக்குப் பிள்ளைகள். பிள்ளை தப்புச் செய்யும்போது டீச்சர் அந்த இரண்டாவது பிரேக்கை மிதிப்பார். மிதித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "பிரேக்க அழுத்திடுங்க" என்பார். சொல்லி முடிப்பதற்குள் கார் நின்றிருக்கும். ஆபத்து நேரத்திலும் வாயில் 'ங்க' குறையாதவர் என்று அவருக்கு நல்ல பெயர். மரியாதை கொடுக்க அவருக்கு நேரம் இருந்தது. வேலையைக் கால் பார்த்துக்கொண்டது.

அந்த வெள்ளைக் காரைத் தெருவில் எல்லோரும் 'ஆமை' என்பார்கள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். டீச்சர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். "அடிக்கட்டும். அவங்களும் ஒரு காலத்துல இந்த வண்டியிலதான் திணறினாங்க." பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும்.

இப்படி நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் கல்லைத் தூக்கிப் போட்டவர் ஒரு பல் டாக்டர்.

அவரும் டீச்சரின் பழைய பிள்ளைதான். ஒரு காலத்தில் எதிரே சைக்கிள் வந்தாலே காரை ஓரம் கட்டியவர். இப்போது கையில் கொஞ்சம் வசதி வந்ததும், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஒரு நீலக் காரை வாங்கியிருந்தார். பின்சக்கரங்கள் தள்ளுகிற வகை. ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே முதுகை இருக்கையில் ஒட்டவைத்துவிடும். ஒரு மழைக்காலைக்கு அடுத்த நாள், வாடிய பூங்கொத்து ஒன்றோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"எதுக்குப் பூ?" என்றார் டீச்சர்.

"நேத்து ரவுண்டானாவுல வண்டி சுத்திடுச்சு. பூக்கடை வாசல் புல்தரையில போய் நின்னேன். ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு வாளிப் பூ போயிடுச்சு. விலை குடுத்துட்டு எடுத்துட்டு வந்தேன்."

"வழுக்கினா தானே காப்பாத்துற வசதி ஒண்ணு அந்த மாதிரி வண்டியில இருக்குமே."

"இருக்கு. அணைச்சு வெச்சிருந்தேன்."

"ஏன்?"

"அணைக்கறதுக்குன்னே ஒரு பொத்தான் இருந்துச்சு டீச்சர்." பல் டாக்டர் தரையைப் பார்த்தார். "பின்பக்கம் வழுக்க ஆரம்பிச்சுது. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே பிரேக்க அழுத்தினேன். பம்பரம் மாதிரி சுத்திடுச்சு."

"மெதுவா போயிருக்கணும்."

"இனிமே போறேன். ஆனா வழுக்க ஆரம்பிச்ச அப்புறம் என்ன பண்ணியிருக்கணும்? அதச் சொல்லுங்க."

டீச்சர் வாயைத் திறந்தார். பல் டாக்டருக்கு முன்னால் வாயைத் திறந்துவிட்டுப் பேச்சு வராமல் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் நடக்கிறதுதான். டீச்சருக்கு அது முதல் தடவை.

"தெரியல" என்றார் கடைசியில்.

பல் டாக்டர் கார் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நீங்க தெரிஞ்சுக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுங்க. அதுவரைக்கும் நான் பஸ்ஸுல போறேன்."

அந்தச் சாவி பழத்தட்டில் பழங்களுக்கு நடுவே கிடந்தது. டீச்சர் மேசையைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் அது கண்ணில் பட்டது.

கேட்பதற்கு ஆள் வீட்டிலேயே இருந்தாள், அதுதான் சங்கடம். வீட்டுக்காரரின் தங்கை, டீச்சரின் நாத்தனார், நகரத்துக்கு வெளியே இருக்கும் பந்தயத் தளத்தில் பயிற்சியாளர். அங்கே ஓரமாக, வழவழப்பாகப் பூசிய ஒரு பெரிய வட்டத் தரை உண்டு. குழாய்கள் எப்போதும் அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும். வேகமான கார் வாங்கியவர்கள் அங்கே வந்து, டயரின் பிடி எப்போது போகிறது, எப்படித் திரும்ப வருகிறது என்று ஆபத்தில்லாமல் பழகுவார்கள். நாத்தனாருக்கும் டீச்சருக்கும் பாசத்துக்குக் குறைவில்லை, தொழிலில் மட்டும் ஒத்துப்போகாது.

"அண்ணி வண்டியில ஏறினா, நடந்தே போயிருக்கலாமேன்னு தோணும்" என்பாள் அவள்.

"உன் வண்டியில ஏறினா, நடந்தே போகாம விட்டோமேன்னு தோணும்" என்பார் இவர்.

டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் சிரிக்கவில்லை. "அந்த டாக்டர என்கிட்ட அனுப்பி வைங்க. நான் பாத்துக்கறேன்."

"அவர் என் பிள்ளை. என்கிட்டதான் கேட்டார்."

"வெளியாள் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்கணும்னா எங்க தேர்வுல தேறணும் அண்ணி. முதல்ல நீங்க ஓட்டிக் காட்டணும். அப்புறம் தேர்வாளர் கத்துக்க வந்தவர் மாதிரி தப்புத் தப்பா ஓட்டுவார், நீங்க பக்கத்துல உக்காந்து வண்டிய வட்டத்துக்குள்ளயே வெச்சுக்கணும். தவறினா இந்த வருஷம் முழுக்க உள்ள விட மாட்டாங்க. இன்னொண்ணு, அந்த வண்டியில உங்க பக்கம் பிரேக் கிடையாது. வாய் மட்டும்தான்."

மேசைக்கு அடியில் டீச்சரின் கால் தரையை அழுத்தியது.

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றாள் நாத்தனார்.

"எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றார் டீச்சர்.

விடுமுறை நாள் காலைகளில் பயிற்சி நடந்தது. வீட்டுக்காரர் மடக்கு நாற்காலியும் டீ பிளாஸ்க்குமாக வந்து வட்டத்துக்கு வெளியே புல்லில் உட்கார்ந்துகொள்வார். பார்க்க வந்தேன் என்பார். பார்க்கும்போது பாதி நேரம் கண்ணை மூடிக்கொள்வார்.

முதல் நாள் நாத்தனார் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "டயர் தரையத் தொடுற இடம் இவ்வளவுதான் அண்ணி, உள்ளங்கை அளவு. நாலு சக்கரத்துக்கு நாலு கை. கையில கனமான பை இருக்கும்போது கதவத் திறக்கணும்னா என்ன பண்ணுவீங்க? பைய இறக்குவீங்க. இதுவும் அதேதான். பிடி மொத்தத்தையும் பிரேக்குக்குக் குடுத்துட்டா, திரும்பறதுக்கு மிச்சம் இருக்காது. திரும்பணும்னா பிரேக்க விடணும். அதுவும் வெடுக்குன்னு இல்ல. தூங்குற குழந்தைக்கு அடியிலேருந்து கைய உருவுற மாதிரி."

டீச்சர் தலையாட்டினார். அவருடைய மகளை அப்படித் தூங்கவைத்துக் கையை உருவியவள் இதே நாத்தனார்தான்.

டீச்சர் வட்டத்தில் ஏறி வேகம் கூட்டினார். ஓர் இடத்தில் ஸ்டீயரிங் திடீரென்று எடையற்றுப் போனது. சக்கரங்கள் திரும்பியிருந்தன, கார் திரும்பவில்லை. நேராகப் போனது. இன்னும் திருப்பினார். இன்னும் நேராகப் போனது. நாத்தனார் வட்டத்தின் நடுவில் நின்று வாக்கி டாக்கியில் பேசினாள்: "விடுங்க அண்ணி, ஸ்டீயரிங்கக் கொஞ்சம் விடுங்க, நேராக்குங்க அண்ணி." அவள் முடிக்கும்போது டீச்சர் புல்லில் இருந்தார்.

இரண்டாவது தடவையும் புல். மூன்றாவது தடவையும் புல். நாத்தனார் நடந்து வந்து கார் ஜன்னலில் குனிந்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் 'விடுங்க அண்ணி'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள வண்டி ஊர விட்டே போயிடுது. இனிமே 'விடு'ன்னுதான் சொல்லப் போறேன்."

டீச்சர் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் டீயை உறிஞ்சினார். "எங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாருக்கும் அந்தத் தைரியம் வந்ததில்ல. சொல்லட்டுமே, நானும் காதால கேக்கறேன்."

"சரி. வட்டத்துக்குள்ள மரியாதை கிடையாது" என்றார் டீச்சர். "சுத்திப் போட்டிருக்கற கோட்டத் தாண்டி வெளிய வந்துட்டா பழையபடி அண்ணி, வாங்க, போங்க. உள்ள பேசினத வெளிய கொண்டு வரக் கூடாது."

அடுத்த சுற்றில் முன்பக்கம் நழுவியதும் காதில் ஒரே சொல் விழுந்தது: "விடு." டீச்சர் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்கினார். ஆக்சிலரேட்டரிலிருந்து பாதத்தை லேசாகத் தூக்கினார். உள்ளங்கையில் எடை திரும்பி வந்தது. மூக்கு வட்டத்துக்குள் திரும்பியது. அதிகம் திருப்பியபோது திரும்பாத கார், குறைத்ததும் திரும்பியது. டீச்சர் இன்னும் இரண்டு முறை வேண்டுமென்றே நழுவவிட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் பிடித்தது.

"விட்டுப் பிடிக்கறதுன்னு பெரியவங்க சொல்றது இதத்தான்" என்றார் வீட்டுக்காரர், டீச்சர் டீ குடிக்க வந்தபோது. "கல்யாணம் ஆனதிலேருந்து உன்கிட்ட நான் பண்ணிட்டிருக்கறதும் இதேதான்."

"விட்டதெல்லாம் சரி. எப்பப் பிடிச்சீங்க?" என்றார் டீச்சர்.

அடுத்த வாரம்தான் அந்தக் குழப்பம் வந்தது. நேராக வேகமாக வந்து, பலமாகப் பிரேக் அடித்து, வளைவு தொடங்கும் இடத்தில் பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே திரும்ப வேண்டும். டீச்சர் வந்தார். நாத்தனார் வாக்கி டாக்கியை வாயருகே வைத்து, "அழுத்தி, விடு" என்றாள்.

டீச்சர் காதில் விழுந்தது "அழுத்திடு".

தினமும் எத்தனையோ தடவை தானே சொல்லும் சொல். அவர் கால் யோசிக்கவில்லை. பிரேக் அடிவரைக்கும் போனது. பெடல் பாதத்துக்கு அடியில் கடகடவென்று அதிர்ந்தது. திருப்பிய சக்கரங்களோடு கார் நேராகப் போய், வளைவைக் குறிக்க வைத்திருந்த கோன்களை வாரிக்கொண்டு, கோட்டைத் தாண்டிப் புல்லில் இறங்கியது. வீட்டுக்காரர் பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார். அவரிடமிருந்து வெகு தூரத்திலேயே கார் நின்றுவிட்டது. ஆனாலும் அவர் உட்காரக் கொஞ்ச நேரமாயிற்று.

நாத்தனார் ஓடி வந்தாள். "அழுத்தி விடுன்னேன்."

"அழுத்தினேனே."

"விடுன்னேன்."

"அழுத்திடுன்னுதான் சொன்னே."

"ஐயோ அண்ணி, அழுத்தி... விடு."

வீட்டுக்காரர் தூரத்திலிருந்து கேட்டார்: "ரெண்டு பேரும் ஒண்ணையேதானே சொல்றீங்க, எதுக்குச் சண்டை?"

அதுதான் விஷயம். சேர்த்துச் சொன்னால் முழுக்க அழுத்து என்று பொருள். நடுவில் ஒரு மூச்சு விட்டுச் சொன்னால், அழுத்திவிட்டுப் பிறகு எடு என்று பொருள். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். நடுவில் இருப்பது அந்த ஒரு மூச்சுதான். வாக்கி டாக்கியின் கரகரப்பில் அது தொலைந்துபோனது. இன்னொரு மொழியில் பழகியிருந்தால் இரண்டுக்கும் இரண்டு தனிச் சொற்கள் இருந்திருக்கும். கோன்கள் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும்.

டீச்சர் பம்பருக்கு அடியில் சிக்கியிருந்த ஒரு கோனை உருவி எடுத்தார். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் அவருக்குப் பயம் போய்விடும். இத்தனை வருடம் பிள்ளைகளின் தப்பைத் தேடியே சம்பாதித்தவர்.

"அழுத்தறத நீ சொல்லவே வேணாம்" என்றார். "அது என் ரத்தத்துல இருக்கு, கேக்காமலே அழுத்துவேன். விடறத மட்டும் சொல்லு. பின்பக்கம் வழுக்கினா எதிர்ப்பக்கம் திருப்பணுமே, அதுக்குப் 'பிடி'ன்னு சொல்லு."

"அப்ப 'அழுத்திடு'?"

"அதுக்குன்னு ஓர் இடமாவது இருக்காதா?"

நாத்தனார் யோசித்தாள். "இருக்கு. ஒரே ஒரு இடம். வண்டி மொத்தமா போயிட்டா. பின்பக்கம் முன்பக்கத்த முந்த ஆரம்பிச்சுட்டா, அதுக்கப்புறம் பிடிக்கப் பாக்கக் கூடாது. பிரேக்க முழுசா அழுத்தி, நிக்கிற வரைக்கும் கால எடுக்கவே கூடாது. பாதியில எடுத்தா டயருக்குத் திடீர்னு பிடி கிடைச்சு, மூக்கு எங்க பாக்குதோ அங்க பாயும். அது சுவரா இருந்தாலும்."

"அப்ப 'அழுத்திடு' அதுக்கு. வேற எதுக்கும் அத வாயில எடுக்க வேணாம்."

அன்றிலிருந்து வட்டத்துக்குள் மூன்றே சொற்கள். பின்பக்கம் வழுக்கும்போது கண் போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும், கை கண்ணைப் பின்தொடர வேண்டும், ஆக்சிலரேட்டரை வெடுக்கென்று விடக்கூடாது. பிடித்த பிறகு கையை உடனே நேராக்காவிட்டால் கார் மறுபக்கம் வீசும். இதையெல்லாம் டீச்சர் சுற்றிச் சுற்றிக் கற்றார். பம்பரமாகச் சுழன்று நின்ற நாட்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து இறங்கி, சக்கரம் தரையில் விட்ட தடத்தை நடந்து பார்த்துவிட்டு ஏறுவார். கடைசி வாரங்களில் நாத்தனார் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்காரர் கண்ணை மூடுவதை நிறுத்திவிட்டார்.

ஆமையில் மட்டும் எதுவும் மாறவில்லை. "பிரேக்க அழுத்திடுங்க" என்று அதே குரலில், அதே வேகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்வு நாளில் குழாய்கள் தேவைப்படவில்லை, மழையே தெளித்தது. தேர்வாளர் ஒல்லியான மனிதர். குடையை மடக்கிக் காரின் பின்னிருக்கையில் வைத்துவிட்டு, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, டீச்சருக்குப் பக்கத்து இருக்கையில் கையைக் கட்டி உட்கார்ந்தார்.

தன்னுடைய பாதியை டீச்சர் நன்றாகவே ஓட்டினார். நேரே வந்து பிரேக் அடித்தார், விட்டார், திரும்பினார். முன்பக்கம் நழுவியதைச் சத்தமில்லாமல் பிடித்தார். ஒரு தேங்கிய நீரில் பின்பக்கம் சட்டென்று விலகியபோது, கண்ணை எதிர் விளக்குக் கம்பத்தில் வைத்தார். கைகள் தாமாகப் போய்த் தாமாகத் திரும்பின. தேர்வாளர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "இடம் மாறிக்கலாம்" என்றார்.

டீச்சர் பக்கத்து இருக்கைக்கு வந்து காலடியைப் பார்த்தார். வெறும் ரப்பர் பாய்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்றார் தேர்வாளரிடம். "உள்ள இருக்கற வரைக்கும் உங்களுக்கு 'ங்க' போட மாட்டேன். நேரம் பத்தாது."

"எங்க வீட்டுலயும் யாரும் போடறதில்ல" என்றார் அவர். "ஆரம்பிங்க."

அவர் மோசமான பிள்ளையாக நடிப்பதில் கெட்டிக்காரர். வேகம் அதிகமாக உள்ளே வந்து ஸ்டீயரிங்கை ஒரேயடியாகத் திருப்பினார். மூக்கு நழுவியது. "விடு" என்றார் டீச்சர். அவர் விட்டார், மூக்கு உள்ளே வந்தது. அடுத்த சுற்றில் பின்பக்கத்தை வீசவிட்டார். "கம்பத்தப் பார். பிடி." பிடித்தார். "விடு." கார் நிமிர்ந்தது.

மூன்றாவது சுற்றில், பின்பக்கம் விலகிய அதே நொடியில் அவர் ஆக்சிலரேட்டரை அடிவரைக்கும் மிதித்தார்.

டீச்சரின் கால் பாயை ஓங்கி அழுத்தியது. கீழே ஒன்றும் இல்லை. நாக்கின் நுனியில் "பிடி" தயாராக இருந்தது. விளக்குக் கம்பம் முன்கண்ணாடியிலிருந்து நகர்ந்து பக்கத்து ஜன்னலுக்குப் போனது. அங்கேயும் நிற்காமல் பின்பக்கம் போனது. வெளியே புல்லில் வீட்டுக்காரர் மறுபடியும் பிளாஸ்க்கோடு எழுந்து நின்றார்.

"அழுத்திடு" என்றார் டீச்சர். "எடுக்காத. எடுக்காத."

கார் முழுதாகத் திரும்பி, வாலை முன்னே விட்டு வழுக்கி வழுக்கிப் போய், கோட்டுக்குள்ளேயே நின்றது. வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது.

தேர்வாளர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்: "இன்னும் கொஞ்சம் பிடிச்சுப் பாத்திருக்கலாமே? பிடிக்கறதுக்குத்தானே இவ்வளவு பயிற்சி?"

"இல்ல. போக வேண்டிய இடத்தப் பாக்க நான் பின்னாடி திரும்ப வேண்டியிருந்துச்சு. அவ்வளவு தூரம் போனதப் பிடிக்கப் பாத்தா, இப்ப நாம என் வீட்டுக்காரர் மடியிலதான் டீ குடிச்சிட்டிருப்போம்."

அவர் குனிந்து டீச்சரின் காலடியைப் பார்த்தார். பாய் சுருண்டு ஓரத்தில் கிடந்தது. "கால் இன்னும் பிரேக் தேடுதே?"

"அது தேடிக்கிட்டே இருக்கட்டும். வாய்க்கு இடைஞ்சல் பண்றதில்ல."

தேர்வாளர் அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார். காரை மெதுவாகத் திருப்பி வெளியே ஓட்டினார். கோடு நெருங்கியதும் சொன்னார்: "அடுத்த வாரம் உங்க பல் டாக்டரக் கூட்டிட்டு வரலாம். இப்ப வெளிய போறோம், 'ங்க' போட்டுடுங்க. ஆளுங்க பாக்கறாங்க."

நாத்தனார் ஓடி வந்து கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இறங்கு" என்றவள், கோட்டுக்கு வெளியே நிற்பதை உணர்ந்து, "இறங்குங்க அண்ணி" என்று திருத்தினாள்.

அடுத்த வாரம் பழத்தட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு டீச்சர் நீலக் காரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பல் டாக்டரின் விரல்கள் ஸ்டீயரிங்கை இறுக்கியிருந்தன.

"வட்டத்துக்குள்ள மரியாதை கிடையாது. சம்மதமா?"

"என் நாற்காலியில வாயத் திறந்து படுத்திருக்கறவங்க எனக்கு மரியாதையா குடுக்கறாங்க? சொல்லுங்க டீச்சர்."

"கைய இவ்வளவு இறுக்கினா டயர் பேசறது உனக்குக் கேக்காது. தளர்த்து. போ."

முதல் சுற்றில் முன்பக்கம் நழுவியது. "விடு." அவர் பயந்து இன்னும் திருப்பினார், புல். மறுபடி. "விடு." பாதி விட்டார், பாதி புல். அதற்கடுத்த முறை கை தளர்ந்தது, எடை திரும்பியது, நீல மூக்கு வட்டத்துக்குள் வந்தது. மத்தியானத்துக்குள் பின்பக்கம் விலகும்போதும் அவர் கண் தானாகக் கம்பத்தைத் தேடத் தொடங்கியிருந்தது. டீச்சரின் கால் ஒவ்வொரு தடவையும் தரையை மிதித்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கோட்டைத் தாண்டி வெளியே வந்து இன்ஜினை அணைத்த பிறகு, பல் டாக்டர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். டயர்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அன்னிக்கு ரவுண்டானாவுல இதச் செஞ்சிருந்தா, டீச்சர்?"

"பூ பிழைச்சிருக்கும்ங்க" என்றார் டீச்சர்.